நொய்யல் கரையின் வரலாறு: நிறம் நீங்கிய நீர்

பைகாரா மின்சாரம் 1930களின் தொடக்கத்தில் கோயமுத்தூரை எட்டிய பின்னர், சிங்காநல்லூரைச் சுற்றிச் சோளமும் பருத்தியும் விளைந்த காடுகளின் நடுவே ஒன்றன்பின் ஒன்றாக மில் சங்குகள் ஒலிக்கத் தொடங்கிய வரலாற்றைச் சென்ற பகுதியில் கண்டோம். அந்த மில்களில் நூற்ற நூலில் ஒரு பங்கு கைத்தறி ஊர்களுக்குப் போயிற்று. மற்றொரு பங்கு கிழக்கே திருப்பூருக்குப் பனியன் பின்னப் போயிற்று. நொய்யல் ஆறும் அதே கிழக்குத் திசையில்தான் போகிறது. சிங்காநல்லூரைக் கடந்து சென்ற நூலும் நீரும் திருப்பூரில் மறுபடியும் ஒன்றையொன்று சந்தித்தபோது விளைந்தது என்ன என்பதே இப்பகுதியின் பொருள்.

வெள்ளியங்கிரி மலைச்சாரலில் பிறந்து, பேரூர்ப் பட்டீசுவரர் சந்நிதியை அடுத்து ஓடி, கோவை நகரின் தென்பகுதியைத் தழுவி, சூலூர் வழியாகத் திருப்பூரை ஊடறுத்து, கரூர் மாவட்டத்தில் தன் பெயரையே தாங்கிய நொய்யல் என்னும் சிற்றூரருகே காவிரியில் கலக்கும் இந்த ஆற்றைப் பழையவர் காஞ்சிமாநதி என்றனர். ஆண்டு முழுவதும் பெருகி ஓடும் ஜீவநதி என்று இதை ஒருபோதும் சொல்வதற்கில்லை. மழை பெய்த சில நாட்களே பெருகும் இவ்வாற்றை ஊருக்கு ஊர் அணைக்கட்டில் மறித்து, வாய்க்காலில் திருப்பி, குளத்தில் நிறைத்து, குளம் நிறைந்தபின் மிஞ்சியதை மீண்டும் ஆற்றிலேயே விட்டுவிடும் ஏற்பாட்டை நம் முன்னோர் செய்து வைத்தனர். சிங்காநல்லூர்க் குளமும் அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணியே. மேலூர்க்காரன் மிச்சம் விட்டது கீழூர்க்காரனுக்கு ஆஸ்தி என்பது அந்த ஏற்பாட்டின் அடிப்படை நியாயம். அந்த நியாயத்தையும் அளவுக்கு மீறிப் புகழ வேண்டியதில்லை. குளத்து நீரையும் கிணற்று நீரையும் யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்று அதே முன்னோர் வகுத்து வைத்திருந்த கொடுமையும் நம் சரித்திரத்தின் பகுதிதான். ஆயினும் மேலே இருப்பவன் செய்வதன் பலன் கீழே இருப்பவனைச் சேரும் என்ற உணர்வு அந்தப் பொறியியலின் உள்ளேயே அமைந்திருந்தது.

இனிச் சாயத்தின் கதைக்கு வருவோம். 1856ஆம் ஆண்டில் லண்டனில் வில்லியம் ஹென்றி பெர்க்கின் என்ற பதினெட்டு வயது மாணவர், மலேரியாவுக்கு மருந்தான கொயினாவைச் செயற்கையாக உண்டாக்க முயன்று, அதற்குப் பதிலாக ஊதா நிறச் சாயமொன்றைப் பெற்றார். செயற்கைச் சாயத் தொழில் அன்று பிறந்தது. சரியாக நூறு ஆண்டுகள் கழித்து 1956இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. கம்பெனி, பருத்தி நாரோடு ரசாயனப் பிணைப்பாகவே ஒட்டிக்கொள்ளும் ஒருவகைச் சாயத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. துவைத்தாலும் வெளுக்காத பளிச்சென்ற நிறத்தைப் பருத்திக்கு மலிவாகத் தந்த இச்சாயங்களுக்கு ஒரு குணம் உண்டு: நீரில் நனைந்த நாரும் அதில் கரைந்த சாயமும் ஒரே வகை மின்னேற்றம் உடையனவாதலால் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். அந்த விலக்கத்தைத் தணித்துச் சாயத்தை நாரின்பால் செலுத்த உப்பு வேண்டும். சாதாரண உப்போ சோடியம் சல்பேட்டோ, அடர்ந்த நிறமானால் லிட்டருக்கு ஐம்பது அறுபது கிராமுக்கு மேலும், தொட்டியில் கொட்டுவார்கள். துணி நிறத்தை ஏற்றுக்கொள்ளும், உப்பை ஏற்றுக்கொள்ளாது. போட்ட உப்பு முழுவதும், ஒட்டாமல் எஞ்சிய சாயத்தோடும் காரத்தோடும் கூடி, அலசிய நீரில் வெளியேறும். சாயப்பட்டறையின் வாசலில் உப்பு மூட்டைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருப்பதைக் கண்டவர் எவரும், உள்ளே போன மூட்டைகள் எந்த வழியாக வெளியே போகின்றன என்று ஒரு கணம் யோசித்திருந்தால், இக்கதையின் பாதி விளங்கியிருக்கும்.

உள்நாட்டுக்கு வெள்ளைப் பனியன் பின்னிக்கொண்டிருந்த திருப்பூர், 1970களின் இறுதியில் ஐரோப்பிய வியாபாரிகளின் கண்ணில் பட்டது. வெள்ளைப் பனியனுக்குச் சலவை போதும். ஐரோப்பியர் கேட்ட வண்ணச் சட்டைகளுக்குச் சாயம் வேண்டும். 1980களின் நடுவில் சில கோடி ரூபாய் அளவில் இருந்த ஏற்றுமதி, சுமார் இருபதே ஆண்டுகளில் பத்தாயிரம் கோடியைத் தாண்டிற்று. வானம் பார்த்த பூமியில் வறண்டு கிடந்த குடும்பங்கள் தோட்டத்தை விற்றோ அடகு வைத்தோ நான்கு தையல் மிஷின்களைப் போட்டு முதலாளிகளான கதைகளும், தென் மாவட்டங்களிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்து இறங்கியவர்களுக்கு அன்று மாலையே வேலை கிடைத்த கதைகளும் பொய்யல்ல. இந்த அபிவிருத்தியைக் கேவலமாகப் பேசுவது, அதனால் ஒருவேளைச் சோற்றுக்கு வழி கண்டவர்களை அவமதிப்பதாகும்.

ஆனால் ஒரு கிலோ துணியை வெளுத்துச் சாயமிட்டு அலசி எடுக்க அந்நாளைய தொட்டிகளில் நூறு லிட்டருக்கு மேலும் நல்ல தண்ணீர் செலவாயிற்று. அந்தத் தண்ணீர் திருப்பூரில் இல்லை. சுற்றுவட்டாரக் கிராமங்களின் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து இரவும் பகலும் டேங்கர் லாரிகளில் வந்தது. அதை இறைத்தவை பெரும்பாலும் கோவையிலேயே செய்த பம்புகள்தாம். 1937இல் இந்தியாவின் முதல் மின்மோட்டார்களுள் ஒன்றை உருவாக்கிய பெருமையை நாம் முன்னொரு பகுதியில் வாயாரப் புகழ்ந்ததை வாசகர் நினைவுகூரலாம். ஊர்களின் அடிநீர் இப்படிப் பட்டறைக்குப் போய், உப்பும் நிறமும் ஏற்று, நொய்யலில் இறங்கியது. மக்கள் அதற்குச் சாயத்தண்ணி என்று பெயர் வைத்தார்கள். ஒருநாள் சிவப்பு, மறுநாள் நீலம், இன்னொரு நாள் கறுப்பு என்று ஐரோப்பாவில் அவ்வாண்டு எந்த நிறம் விலைபோகிறது என்பதைப் பாலத்தின் மேல் நின்றே சொல்லிவிடலாம் என்ற கசந்த வேடிக்கைப் பேச்சும் அதனோடு பிறந்தது.

இங்கேதான் விஞ்ஞானத்தின் தர்மத்தைப் பற்றிய கேள்வி எழுகிறது. அது எழுந்த விதம் சற்று விசித்திரமானது. கரூர்ப் பகுதி நொய்யல் வாய்க்கால் விவசாயிகள் 1996இல் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினர். கழிவைச் சுத்திகரிக்க வேண்டும், இல்லையேல் மூட வேண்டும் என்று நீதிமன்றம் 1998இல் கெடு விதித்தது. உடனே சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. பட்டறைகள் பல கூடி நடத்தும் பொது நிலையங்கள் எட்டும், தனித்தனி நிலையங்கள் பலவும் ஏற்பட்டன. இவற்றில் நடந்தது என்ன? சாயத்தண்ணியில் சுண்ணாம்பும் பெர்ரஸ் சல்பேட்டும் கலந்து கலக்கினார்கள். சாயத்துகள்கள் திரண்டு கசடாக அடியில் படிந்தன. மேலே தெளிந்து நின்ற நீரைக் கண்ணாடிக் குவளையில் எடுத்துக் காட்டினால், ஆற்று நீரைவிடத் தெளிவாக இருந்தது. பார்வையிட வந்தவர்கள் திருப்தியோடு சென்றார்கள்.

அந்தக் குவளையில் உப்பு அப்படியே இருந்தது. சுண்ணாம்பு உப்பை நீக்காது. கலந்த ரசாயனங்களே கரைந்த பொருளின் அளவைச் சற்றுக் கூட்டவும் செய்யும். நிலத்திலோ ஆற்றிலோ விடும் நீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்ற விதி அப்போதே ஏட்டில் இருந்தது. வெளியேறிய நீரிலோ அது அதைப் போலப் பன்மடங்காக, பல ஆயிரம் மில்லிகிராமாக இருந்தது. நிலையத்தை வரைந்த பொறியாளருக்கு இது தெரியாதா? ரசாயனம் படித்த எந்த மாணவனுக்கும் தெரியும். அனுமதி தந்த அதிகாரிக்குத் தெரியாதா? அவருடைய விதிப்புத்தகத்திலேயே அந்த எண் இருக்கிறது. பணம் போட்ட முதலாளிக்கு? உப்பை மூட்டை மூட்டையாக வாங்கியவரே அவர்தான். ஆளுக்கு ஒரு துண்டு அறிவு இருந்தது. ஒருவரும் பொய் சொன்னதாகக்கூடக் குற்றம் சாட்ட முடியாது. நீதிமன்றம் கேட்டது சுத்திகரிப்பு, கட்டியது சுத்திகரிப்பு நிலையம், போனது நிறம். வரலாற்றில் பெரிய தீங்குகள் சில, தீயவர்களால் விளைவதைவிட, தம் வரம்புக்கு அப்பால் ஒரு சொல்லும் பேசாத நல்ல உத்தியோகஸ்தர்களால் அதிகமாக விளைந்திருக்கின்றன என்பது இந்த எழுத்தாளனின் அபிப்பிராயம். சிலர் இதைக் கடுமை எனலாம்.

கண்ணுக்குத் தப்பிய அந்த உப்பு, வேருக்குத் தப்பவில்லை. மாங்காய்த் துண்டில் உப்பைத் தூவி வைத்தால் சற்று நேரத்தில் அது தன் நீரை வெளியே விட்டுச் சுருங்குவதை ஊறுகாய் போடும் எந்த வீட்டிலும் காணலாம். மண்ணில் உப்பு மிகும்போது வேருக்கு நேருவதும் இதுவே. நீர் காலடியில் நிற்கும். பயிர் அதை உறிஞ்ச மாட்டாமல் தாகத்தால் வாடும். சோடியம் மிகுந்த நீர் பாயப் பாயக் களிமண் தன் பொலபொலப்பை இழந்து, நனைந்தால் சேறாகவும் காய்ந்தால் ஓடாகவும் இறுகிவிடும். தென்னையில் குரும்பை உதிர்ந்தது. மஞ்சளும் வாழையும் கருகின. கிணற்று நீரைக் குடித்த மாடுகள் நோயுற்றன என்று கரையோர ஊர்கள் முறையிட்டன.

இந்தத் துன்பங்களுக்கெல்லாம் சிகரம் வைத்தது ஒரத்துப்பாளையம் அணை. திருப்பூருக்குக் கீழே நொய்யலின் குறுக்கே எழுப்பி 1992இல் பாசனத்துக்குத் திறந்த அணை அது. மழைநீரைச் சேமிக்கக் கட்டிய அணையில் மழையில்லாத காலத்திலும் நீர் வந்தது. வந்தது அனைத்தும் சாயத்தண்ணி. நீர் ஆவியாக, உப்பு தேங்கித் தேங்கி அடர்ந்தது. அணையைச் சுற்றிய கிணறுகளுக்குள்ளும் கசிந்தது. அணை கட்டித் தாருங்கள் என்று கேட்பதே உழவர் இயல்பு. நீரைத் தேக்காதீர்கள், மதகைத் திறந்தே வையுங்கள் என்று ஆயக்கட்டு விவசாயிகளே மன்றாடிய விந்தையை இந்த அணை கண்டது.

உப்பைப் பிரிக்கும் வித்தை உலகில் அப்போது இல்லாமற் போயிற்றோ என்று கேட்டால், அதுவும் இல்லை. உப்பு மண்ணில் வேரை வாட்டும் அதே சவ்வூடு பரவலை, அழுத்தம் கொடுத்துத் தலைகீழாக நடத்தினால் உப்பு நீரிலிருந்து நல்ல நீரைப் பிழிந்தெடுக்கலாம். அதற்கு ஏற்ற சவ்வை 1960ஐ ஒட்டிக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியவர்கள் இருவர்: ஒருவர் சிட்னி லோப், மற்றவர் திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் பெயரைத் தாங்கிய நம் நாட்டுச் சௌரிராஜன். 1965இல் கலிபோர்னியாவின் கோலிங்கா என்னும் சிற்றூர் அம்முறையில் தன் குடிநீரைப் பெறத் தொடங்கிவிட்டது. இன்று வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. என்று நாம் அழைக்கும் அந்தக் கருவியின் தத்துவம், திருப்பூரின் வண்ணத்துணி ஏற்றுமதி தொடங்குமுன்பே அறிந்த ஒன்று. வித்தை இருந்தது, அதன் கிரயத்தை யார் தருவது என்பதே பேச்சாக இருந்தது. வெளிநாட்டு வியாபாரி விலையைக் கூட்டமாட்டார். பனியன் கம்பெனி சாயக்கூலியை உயர்த்தாது. கூலிக்குச் சாயமிடும் சிறு பட்டறைக்காரரோ கடனில் ஓடுபவர். ஆகவே அந்தக் கிரயம், இந்த வியாபாரத்தில் ஒரு பைசா லாபமும் காணாத கரூர் உழவன் தலையில் வந்து விழுந்தது. சென்னைப் பொருளாதாரப் பள்ளியின் பால் அப்பாசாமி முதலிய ஆய்வாளர்கள், அவ்வாறு விழுந்த சுமையை ரூபாய்க் கணக்கில் மதிப்பிட முயன்று எழுதியும் வைத்தனர்.

இத்தகைய கிரயத்தைத் தாங்க முடியாது என்ற பதில் எவ்வளவு தூரம் உண்மை என்பதைக் காட்ட மற்றொரு நிகழ்ச்சி அதே பத்தாண்டில் நடந்தது. தோலில் படும்போது புற்றுநோய் உண்டாக்கத்தக்க அமீன்களாகச் சிதையக்கூடிய சில அசோ சாயங்களை ஜெர்மனி 1994இல் தடை செய்தது. இந்தியாவும் 1997இல் தடை விதித்தது. திருப்பூரின் தொட்டிகளில் சாயங்கள் மாறின. ஒவ்வொரு சரக்கோடும் பரிசோதனைச் சான்றிதழ் கடல் கடந்து சென்றது. இதனால் தொழில் அழிந்துவிடவில்லை. சட்டையை அணியும் ஜெர்மானியனின் தோலுக்குச் சிறிது காலத்திலேயே கிடைத்த பாதுகாப்பு, அதே சட்டையை அலசிய நீர் பாய்ந்த வயலுக்குக் கிடைக்கப் பின்னும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாயின. வாங்குகிறவன் கேட்டால் நடக்கும், வாடுகிறவன் கேட்டால் நடக்காது என்ற வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் கொங்குநாட்டுத் தொழில் வரலாற்றில் வேறு இல்லை.

நீதிமன்றப் படலத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். வேலூர்ப் பகுதித் தோல் பதனிடும் தொழிற்சாலைகளைப் பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டில், மாசு செய்தவனே அதற்கான கிரயத்தைச் செலுத்த வேண்டும் என்ற தத்துவத்தை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக நிலைநாட்டியிருந்தது. அத்தீர்ப்பின்படி அமைந்த இழப்பீட்டு ஆணையம், நொய்யல் கரையில் பாதிப்புற்ற 28,000க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாய் தர 2004இல் உத்தரவிட்டது; தலைக்கு வகுத்தால் பத்தாயிரம் ரூபாயும் தேறாது. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கத்தின் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2006 டிசம்பரில், ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத நிலையைப் பட்டறைகள் எய்த வேண்டும் என்றும், அதுவரை விடும் கழிவுக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி ஏறிச்செல்லும் அபராதம் செலுத்த வேண்டும் என்றும், அணையைச் சுத்தம் செய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. பட்டறைக்காரர்கள் மேல்முறையீடு செய்தனர். உச்சநீதிமன்றம் 2009 அக்டோபரில் அத்தீர்ப்பை உறுதி செய்து, மூன்று மாத அவகாசம் தந்தது. அவகாசம் முடிந்தும் ஆறு மாறவில்லை. 2011 ஜனவரி 28ஆம் தேதி உயர்நீதிமன்றம் எல்லாச் சாயப்பட்டறைகளையும் சலவைப் பட்டறைகளையும் மூடி, மின்சாரத்தைத் துண்டிக்குமாறு ஆணையிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே சமயத்தில் நின்றன.

அந்த மாதங்களில் பட்ட அவதியையும் மறைக்காமல் எழுத வேண்டும். கூலிக்காரர்கள் ஊர் திரும்பினர்; அவர்களை நம்பியிருந்த மெஸ்களும் பெட்டிக்கடைகளும் வெறிச்சோடின; வங்கிக் கடனில் நவீன நிலையம் கட்டத் தொடங்கியிருந்த நேர்மையான சிலரும், இரவில் குழாய் போட்டு ஆற்றில் விட்டவர்களோடு சேர்ந்தே தண்டனை பெற்றனர். பின்னர் தமிழக அரசு பொது நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தந்தது. அருள்புரத்து நிலையத்தில், சவ்வில் பிரிந்து எஞ்சும் உப்புக் கரைசலைக் கொட்டிவிடாமல் சாயத்தொட்டிக்கே திருப்பிப் பயன்படுத்தலாம் என்று செய்து காட்டினர். வெளியே போகாமல் எதிலிருந்து வந்ததோ அதற்கே உப்பு திரும்பிப் போவது, நொய்யலின் பழைய வாய்க்கால் முறையை வகுத்தவர்களுக்கு எளிதில் விளங்கியிருக்கும். பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. கழிவில் மிகப் பெரும்பகுதியை நன்னீராக மீட்டுத் திரும்பப் பயன்படுத்தும் ஊர் என்று இன்று உலகம் திருப்பூரைச் சுட்டிக்காட்டுகிறதென்றால், அதன் முதற்காரணம் ஆய்வுக்கூடமோ அரசோ அன்று. மூட்டை மூட்டையாக மனுக்களைச் சுமந்துகொண்டு சென்னைக்கும் டில்லிக்கும் நடந்த, ரசாயனம் படிக்காத ஆயக்கட்டு விவசாயிகள். நிலையத்தின் வாசலில் காட்டிய கண்ணாடிக் குவளையை நம்பாமல், தம் வயலில் பயிர் என்ன சொல்கிறது என்பதையே பரிசோதனையாகக் கொண்டவர்கள் அவர்கள். விஞ்ஞானத்தின் முறை அதுதானே?

மேலூரில் இருக்கும் நமக்கு இதில் சம்பந்தமில்லை என்று சிங்காநல்லூர் வாசகர் எவரேனும் எண்ணினால், அவர் சங்கனூர்ப் பள்ளத்தின் பாதையைக் கவனிக்க வேண்டும். நகரின் வடபகுதியிலிருந்து மழைநீரைக் கொண்டுவரும் அந்த ஓடை, நகரத்துச் சாக்கடையையும் சேர்த்துக் கொண்டுவந்து நம் குளத்துப் பக்கம்தான் இறங்குகிறது. நொய்யல் திருப்பூரை அடையுமுன்பே கோவையின் கழிவு அதில் கலந்தாயிற்று. சாயத்தண்ணியைப் போல அந்தக் கழிவு எளிதில் கண்ணில் படவில்லை, ஏனெனில் அதற்கு அந்த நிறமில்லை. 2017இல் மாநகராட்சி சிங்காநல்லூர்க் குளத்தை நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலம் என அறிவித்தது. நூற்றுக்கணக்கான செடி கொடி பறவை பூச்சி இனங்களை ஆய்வாளர்கள் இங்கே பதிவு செய்தது மகிழ்ச்சிக்குரியதே. ஆகாயத்தாமரை செழித்து நீர்ப்பரப்பை மூடும்போதெல்லாம், அச்செடியைச் செழிக்க வைக்கும் உரம் எந்த வீட்டுக் குழாயிலிருந்து வருகிறது என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

திருப்பூரின் கணக்கும் இன்னும் நேராகவில்லை. சவ்வு, ஆவியாக்கி, படிகமாக்கி என்று வரிசையாக நிற்கும் இயந்திரங்களுக்கு விறகும் நிலக்கரியும் மின்சாரமும் ஏராளமாக வேண்டும். ஆற்றைக் காப்பாற்றக் காற்றில் புகைவிடும் சங்கடம் இதில் உண்டு. நன்னீரையும் பயன்படத்தக்க உப்பையும் பிரித்தபின், அடியில் எஞ்சுவது கலப்பு உப்பு. பலவகை உப்புகளும் சாயத்தின் மிச்சமும் ஒன்றாகக் கலந்த அதை வாங்குவாரில்லை, கொட்டவும் இடமில்லை. மூட்டை கட்டிக் கூரையடியில் அடுக்கி வைக்கிறார்கள். 2011இல் தொட்டிகளைப் பெயர்த்துக்கொண்டு பவானிக்கும் ஈரோட்டுக்கும் சென்ற பட்டறைகளும் உண்டு. அவை இறங்கிய இடங்களில் நொய்யல் இல்லை; காவிரியே நேராக ஓடுகிறது. அந்தக் கரையில் நடந்ததை அடுத்த பகுதியில் காண்போம்.

(தொடரும்)